எழுந்து நிற்க வேண்டியவர்கள்

தகரப் பெட்டியின் அடியில், பழைய பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்த படிவத்தைக் கருப்பாத்தாள் எடுத்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூலையில் ஒட்டியிருந்த மகளின் புகைப்படம் போதுமாயிருந்தது.

"ஏங்கண்ணு, இதப் போன வாரமே காலேசுல குடுத்தாச்சுன்னு சொன்னயே?"

விடுதியிலிருந்து அன்று காலைதான் அந்தப் பெட்டியோடு காங்கேயம் வந்திருந்த கலாமணி, கலைந்த துணிகளை எடுத்து மடித்தாள்.

"ஸ்காலர்சிப்பு வல்லீன்னா ஆஸ்டல்ல உடமாட்டாங்கன்னு நீதான சொன்ன? படிப்ப உட்டுப்போடலாம்னு ரோசனையா? ஆராச்சும் பையன் கியன்…"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"பின்ன என்னத்துக்கு ஒளிச்சு வெச்சே?"

அடுப்பில் உலை கொதித்தது. கருப்பாத்தாள் மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதக் குடுத்தா கிளாசுல எந்திரிச்சு நிக்கோணும்."

"நின்னா என்ன? தேங்காக் களத்துல நான் பொழுதன்னிக்கும் நிக்கறேன். காலு தேஞ்சா போச்சு?"

"எல்லாரும் உக்காந்திருக்கறப்ப எஸ்.சி. பசங்க மட்டும் நிக்கோணும்மா. ஆளு சரிதானான்னு மொகம் பாத்துக் கையெழுத்து வாங்குவாங்க."

களத்தில் கருப்பாத்தாளுக்குத் தண்ணீரைக் குனிந்து ஏந்திய கையில்தான் ஊற்றுவார்கள்.

"அங்கயுமா?" என்றாள். படிவத்தை முழங்கால்மேல் வைத்துச் சுருக்கம் போக நீவி, மகளின் பைக்குள் அவளே வைத்தாள்.

கோயமுத்தூர்க் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்த முதல் நாளே, பக்கத்தில் உட்காரும் லோகப்பிரியா, "காங்கேயம்ங்களா? எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டிருந்தாள். கூட்டம் என்றால் குலம்; அதன் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். கலாமணி சிரித்து மழுப்பினாள். அன்றிலிருந்து லோகப்பிரியாவின் கண்ணில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுவாள். நீட்டியபடியே, "உங்க ஊட்டுல எந்தச் சாமிங்க கும்புடுவீங்க?" என்பாள்.

திங்கட்கிழமை கலாமணி படிவத்தைக் கொடுத்தாள். வியாழக்கிழமை, பேராசிரியர் தேவானந்தத்தின் வகுப்பில், அலுவலக எழுத்தர் நரசிம்மலு பதிவேட்டோடு வந்து நின்றார். நல்ல மனிதர், யாரையும் அதட்டியதில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணுகளா. எஸ்.சி. ஸ்காலர்ஷிப்காரங்க மட்டும் எந்திரிங்க."

பின்வரிசையில் இரண்டு பையன்கள் எழுந்தார்கள். பிறகு கலாமணி எழுந்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. லோகப்பிரியா மட்டும் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த டிபன் பாக்ஸை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

கையெழுத்து முடிந்தது. பையன்கள் உட்கார்ந்தார்கள்.

"நீங்களும் உக்காருங்க அம்மணி."

"இல்லீங்க சார். மிச்சம் இருக்கறவங்களும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, என்ன சாதின்னு சொல்லட்டுங்க. கேட்டுப்போட்டு உக்கார்றனுங்க."

யாரோ ஒருவன் சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டான். தேவானந்தம் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அதில் இல்லாத எதையோ தேடினார்.

நரசிம்மலுவின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"என்னம்மணி, படிச்ச புள்ள இப்படிப் பேசலாமுங்களா? நாலு பேரு முன்னால ஒருத்தரோட சாதியக் கேக்கறது மரியாதையாங்க?"

வகுப்பில் பல தலைகள், ஆமாம் என்று அசைந்தன.

மணி அடிக்கும்வரை கலாமணி உட்காரவில்லை.