ஆறடி நகர்ந்த மரத்தடுப்பு

ஆல்டர்விக் ஊர் வேதக்கோயிலுக்குள் மழை சொட்டும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை, முந்நூறு வருஷத்துக் கூரை. எந்த இடத்தில் சொட்டுகிறது என்பதில்தான் வில்லங்கம்.

கோயில் ஒரே நீளக் கூடம். வடக்குச் சுவரில் குட்டையான அரைவட்டச் சன்னல்கள், கோயிலைக் கட்டியவர்கள் வைத்தவை. தெற்கில் பாட்டன்மார் காலத்தில் இடித்து வைத்த கூர்முனைச் சன்னல்கள். பீடத்தையும் சனங்கள் நிற்கும் இடத்தையும் பிரிக்க நடுவில் கல் வளைவு ஒன்று கட்டுவதாக இருந்தார்கள். கல் வந்து சேருமுன் கொள்ளைநோய் வந்து சேர்ந்துவிட்டது. ஆக, வளைவுக்குப் பதில் ஒரு ஓக் மரத்தடுப்பு. அதற்குக் கிழக்கே பீடத்துப் பக்கம் கூரை ஒழுகினால் பங்குச் சாமி செலவு, மேற்கே ஒழுகினால் ஊர்ச் செலவு. இங்கிலாந்து முழுக்க இதே சட்டம்தான். பாழாய்ப்போன மழையோ தடுப்புக்கு நாலடி மேற்கே, ஊர்ப்பக்கம் பார்த்துச் சொட்டியது.

1427-ஆம் வருஷம் கோயில் பொறுப்பு எம்மட் தலையில் விழுந்திருந்தது. எம்மட் ஒரு விதவை, ஊருக்கே பீர் காய்ச்சி ஊற்றுகிறவள், வாயும் கொஞ்சம் நீளம். அடுத்த வாரம் பங்குச் சாமிகளுக்கெல்லாம் தலைவரான ஆயரின் ஆள் வந்து கோயிலைச் சோதிக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஊர்ப்பக்கத்தில் குறை இருந்தால் பொறுப்பாளிக்கு என்ன தண்டனை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்சட்டையோடு, வெறுங்காலோடு, கையில் மெழுகுவத்தியோடு மூன்று ஞாயிறு கோயிலைச் சுற்ற வேண்டும். இரண்டு வருஷம் முன்பு கில்பர்ட் அப்படிச் சுற்றினான். அன்றைக்கு ஊரிலேயே சத்தமாகச் சிரித்தது எம்மட்தான். இப்போது அவள் எப்போது சுற்றுவாள் என்று ஆவலோடு காத்திருந்தவர்களை எண்ண இரண்டு கை போதாது.

கூரை மேல் போட ஈயத்தகடு வாங்க ஊருக்கு வக்கில்லை. பங்குச் சாமி லாம்பர்ட்டுக்கு வக்கு உண்டு. பத்துக் கட்டுக்கு ஒரு கட்டு கதிர், பத்துக் குட்டிக்கு ஒரு குட்டி என்று வாங்கிக்கொண்டு நாரிச் நகரத்தில் சௌகரியமாக இருந்தார். மூன்று வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பூசைக்கெல்லாம் கூலிக்கு அமர்த்திய துணைச் சாமி விஸ்டன்தான். எலும்பும் தோலுமான மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் பேர்.

எம்மட் தன் கொழுந்தன் ஹேமோவைக் கூப்பிட்டாள். அவன் தச்சன்.

“மழைய நகத்த முடியாது. தடுப்ப நகத்தலாம்ல?” என்றாள்.

ஹேமோ அவளை ஏற இறங்கப் பார்த்தான். “மதினி, அது என்ன உங்க வீட்டுக் கோழிக்கூடா?”

“ஆணியா அடிச்சிருக்கு? வெறும் மரமுளைதானே. ஆறடி மேற்க தள்ளு போதும். சொட்டுறது அந்த மனுஷன் பக்கம் போயிரும்.”

செவ்வாய்க்கிழமை விஸ்டன் சாமி பக்கத்துக் குக்கிராமத்தில் சாகக் கிடந்தவனைப் பார்க்கப் போனார். பட்டப்பகலில் ஆறு பேர் சேர்ந்து முளைகளைப் பிடுங்கி, தடுப்பைத் தூக்கி ஆறடி தள்ளி நட்டார்கள். சுவரில் பழைய துளைகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். கில்பர்ட்கூட ஒரு கை கொடுத்தான். எம்மட் வெறுங்காலோடு சுற்றுவதைப் பார்க்க அவனுக்கு ஆசைதான், ஆனால் லாம்பர்ட்டின் பணத்தில் கூரை போடுவதைப் பார்க்க அதைவிடப் பெரிய ஆசை.

வேலை முடிந்த பிறகுதான் எம்மட்டுக்கு அது உறைத்தது. ஊர் வாயை மூடிக்கொள்ளும். துணைச் சாமியைக் கேட்டால்? அந்த மனுஷன் உள்ளதை உள்ளபடி கொட்டிவிடுவாரே! கூரைக் குறையோடு ஏமாற்றிய குற்றமும் சேரும். மூன்று ஞாயிறு முப்பது ஞாயிறாகும்.

மறுநாள் காலைப் பூசைக்கு விஸ்டன் வந்த கோலம் வேடிக்கையாக இருந்தது. கண்வலியாம். முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, சுவரைத் தடவித் தடவி வந்தார். ஆறடி முன்னதாகவே தடுப்பில் நெற்றியை மடேரென்று முட்டிக்கொண்டார். அவர் ஒன்றும் கேட்காமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய், மனப்பாடமாக இருந்த இலத்தீனில் பூசையை முடித்தார்.

அப்போதுதான் எம்மட்டுக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே சொல்லக்கூடாது, சாடையாகக்கூடக் காட்டக்கூடாது. அப்படியானால் அவர் கண்ணால் பார்ப்பதற்குள் காதில் போட்டுவிட வேண்டும். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டு, ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “எடுத்தத எடுத்த எடத்துல வெக்கணும். அதுவரைக்கும் மன்னிப்பு கெடையாது.”

எம்மட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சாமி, அதிகாரி திங்கக்கெழம வர்றாரே!”

“வெக்கணும்னுதான் சொன்னேன். என்னைக்குன்னு சொல்லல.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “ஆனா அதுக்குள்ள செத்துகித்துப் போயிராத. மன்னிப்பு வாங்காம செத்தா நேரா எங்க போவேன்னு ஒனக்கே தெரியும்.”

அவள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, கண் எப்படி இருக்கிறது என்று கேட்டு வைத்தாள்.

“இப்ப தேவல,” என்று முக்காட்டைத் தள்ளினார். கண்ணில் ஒரு துளி சிவப்பு இல்லை.

அட, கள்ளா என்று நினைத்தாள் எம்மட். புத்திசாலித்தனம் எல்லாம் தன்னுடையது என்று நினைத்திருந்தவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். கூடவே, வேறு வழியில்லாமல், நல்ல கம்பளி அங்கியில் லாம்பர்ட்டும் வந்தார். மழையும் வந்து, பீடத்துப் பக்கம் சொட்டுச் சொட்டென்று விழுந்தது. அதிகாரி சுவரில் புதுச் சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். வேதப் புத்தகத்தில் கை வைக்கச் சொல்லி, இந்தத் தடுப்பு எப்போதும் இங்கேதான் இருந்ததா என்று எம்மட்டைக் கேட்டார்.

“ஐயா, எனக்குத் தெரிஞ்ச நாள்லருந்து அது எங்களுக்கும் பங்குச் சாமிக்கும் நடுவுலதான் நிக்குது.”

அதிகாரி விஸ்டனிடம் திரும்பினார். இதைப்பற்றித் தான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை என்று அவர் தலை குனிந்துகொண்டார். கடைசியில் கேள்வி லாம்பர்ட்டிடம் போனது. வருஷத்தில் பாதி நாள் இங்கேயே தங்கிப் பூசை வைப்பதாக அவர் ஆயருக்குச் சத்தியம் பண்ணியிருந்தார். அப்படிப்பட்டவர், தடுப்பு இருந்த இடம் தெரியாது என்று எந்த வாயால் சொல்வார்?

“எப்பவும் இங்கதான். நான் தினம் பாக்குறதுதானே,” என்றார் லாம்பர்ட்.

அப்படியானால் கூரை உம்முடையது, அறுவடைக்கு வரும் புது அப்பத் திருநாளுக்குள் சொட்டும் இடத்துக்கு ஈயம் போடும் என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எம்மட் பட்ட பாடு இருக்கிறதே! வெறுங்கால் நடை தப்பியது, நரகம் அல்லவா பாக்கி இருந்தது. இருமல் வந்தால் நடுங்கினாள். ஏணி ஏறவில்லை, காளான் தின்னவில்லை, காளைமாடு எதிரே வந்தால் வேலி தாண்டினாள். நாரிச்சிலிருந்து வந்த ஈயக்காரர்களுக்குத் தினமும் பீர் கொண்டுபோய்க் கொடுத்து, சீக்கிரம் சீக்கிரம் என்று பிடுங்கியெடுத்தாள். கடைசித் தகடு அடித்த மறுநிமிஷம் ஹேமோ முளையைப் பிடுங்கினான். தடுப்பைத் தூக்க ஆறு பேர் இருந்தார்கள். ஏழாவது ஆளாக ஒரு கறுப்பு அங்கியும் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த இடத்திலேயே எம்மட் மண்டியிட்டு மன்னிப்பை வாங்கிக்கொண்டு, வயிறு குலுங்க ஒரு மூச்சு இருமித் தீர்த்தாள்.

திருநாளன்று லாம்பர்ட் வந்தார். தன் கூரையைத் தானே பார்க்க ஆசை இருக்காதா! ஊர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல், ஈயத்துக்கு அடியில் புத்தம்புதுப் பலகை. தடுப்புக்குள் நுழைந்து பீடத்துக் கூரையைப் பார்த்தார். அங்கே ஒட்டடையும் உளுத்த மரமும்தான் இருந்தன. எம்மட் கில்பர்ட்டின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அவர் முகம் சுளித்துத் துணைச் சாமியிடம் திரும்பினார்.

“எவ்வளவு கொட்டிக் குடுத்தேன், என் பக்கத்த இப்படிப் பாழாக்கி வெச்சிருக்கானுவ. அந்த ஏழைச் சனங்களப் பாருங்க, அவங்க பக்கத்த எவ்வளவு அழகா போட்டிருக்காங்க. அவங்கள்ட்டப் போயி கத்துக்கணும்யா.”

ஆமாம், நிறையக் கத்துக்க வேண்டியிருக்கிறது என்று விஸ்டன் சாமி பணிவாக ஒத்துக்கொண்டார்.