ஓட்டுக்கு முந்திய கைது

சப்-இன்ஸ்பெக்டர் மரியசெல்வம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல செய்தி கொண்டுவந்தவர் முகம் அது.

“மரைக்காயரய்யா, தம்பி பேருல ஒரு வாரண்டு வந்திருக்கு. நீங்க பதற வேண்டாம். ஓட்டு முடியட்டும்னு பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.”

“என்ன வாரண்டு?”

“அந்த வாலிநோக்கம் உப்பளத்துக் கேசுதான்.”

எனக்குத் தெரிந்த வழக்குதான். இரண்டு வருஷத்துக்கு முன், கூலி கொடுக்காத ஒரு குத்தகைக்காரரின் உப்பு மூட்டைகளை என் தம்பி பாக்கர் லாரியிலிருந்து இறக்கி, உப்பு வாரிய பெண்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டான். குத்தகைக்காரர் திருட்டு என்று எழுதிக் கொடுத்தார். அதன்பின் அந்தக் காகிதத்தை யாரும் தொடவில்லை. இந்த அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தலுக்குப் பாக்கர் சுயேச்சையாக மனுப் போட்டான். அடுத்த வாரமே வழக்குக்கு உயிர் வந்துவிட்டது.

“மேல இருந்து தூசி தட்டச் சொன்னாக. உங்க குடும்பத்து மரியாதைக்காகத்தான் தள்ளிப்போட்டிருக்கேன்” என்றார்.

மரியசெல்வம் பாம்பன்காரர். அவருடைய தகப்பனார் எங்கள் வாப்பாவின் தோணியை ஓட்டியவர். அந்தப் பிரியத்தில் செய்கிறார் என்று புரிந்தது. ஆனாலும் சொன்னேன்:

“தள்ளிப்போடாதீக. இன்னைக்கே பிடிங்க.”

அவர் மடியிலிருந்த தொப்பி நழுவியது.

“ஓட்டுக்கு முந்திப் பிடிச்சா, எதிராளி பயந்துபோயிப் பிடிக்க வச்சான்னு ஊரு சொல்லும். ஓட்டு முடிஞ்சு பிடிச்சா, தோத்துப்போனவன் உப்புத் திருடி உள்ள போனான்னுதானே சொல்லும்? எங்க வாப்பா கப்பல் விட்ட கடல் முழுக்க உப்புத்தான். அதைப் போயித் திருடுனோம்னு பேரு வாங்கணுமா?”

“தம்பி ஜெயிச்சிட்டாகன்னா?”

“சைக்கிள் சின்னத்துல நிக்கிறான். எங்க ஜெயிக்கப் போறான்? சும்மா இருங்க.”

எங்கள் ஊரில் கல்யாணமான ஆண், மனைவியின் வீட்டில்தான் இருப்பான். கீழக்கரையில் அதுதான் வழக்கம். அந்த வீட்டு வாசலில் போலீஸ் நின்றால் தலைகுனிவு அவர்களுக்கு. கைது நடப்பதானால் அவன் பிறந்த வீட்டில், இங்கேயே நடக்கட்டும். மரியசெல்வத்தை உட்காரச் சொல்லிவிட்டு நானே போனேன்.

பாக்கர் நோன்புக் களைப்பில் பாயில் படுத்திருந்தான். அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“காக்கா! ஓட்டுக் கேக்க நீங்களும் கிளம்பிட்டீகளா?”

“இல்ல. உன்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்க வந்தேன்.”

காரணத்தைச் சொன்னேன். திரைக்குப் பின்னால் அவன் மனைவி லத்தீபாவின் குரல் வந்தது.

“ஊர்ல எல்லாரும் ஆளை வெளிய எடுக்கத்தான் அலைவாக மச்சான். நீங்க உள்ள வைக்க அலையிறீகளே!”

“நாளைக்கு உன் பிள்ளைகளைத் திருடன் மக்கள்னு சொல்லக் கூடாதும்மா. அதுக்குத்தான்.”

“சரி, கூட்டிட்டுப் போங்க. நோன்பாளி. கஞ்சி குடிக்காம ஜீப்புல ஏத்த விடாதீக” என்றாள்.

பாக்கர் சட்டையை மாட்டிக்கொண்டே முனகினான். “லாக்கப்புல மூட்டைப்பூச்சி இருக்குமே காக்கா.”

“சிறைக்கஞ்சாத சிங்கம்னு சுவரெல்லாம் ஒட்டியிருக்கே, அது யாருலே?”

“அது அச்சாபீஸ்காரன் போட்டது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. லத்தீபா காதில் விழச் சிரிக்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்து, பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தோம். மரியசெல்வத்துக்கும் ஒரு கோப்பை கஞ்சியும் வடையும் வைத்தேன். அவர் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார். நாங்கள் தொழுது முடித்ததும், அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாரண்டை வாசித்தார். பாக்கர் தோளில் அவர் கை வைத்தது, தூங்கும் பிள்ளையை எழுப்புவது போல இருந்தது.

வாசலுக்கு வந்ததும் திகைத்து நின்றேன். தெருவில் ஒரு மனிதர் இல்லை. ரமலானில் அந்த நேரம் ஊரே வீட்டுக்குள் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும். தம்பி பசியோடு போகக் கூடாது என்பது மட்டும்தான் என் நினைவில் இருந்தது; ஊர் பார்க்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். எதிர்ச்சுவரில் ஓர் ஆடு சிங்கத்தின் நோட்டீஸைப் பசையோடு தின்றுகொண்டிருந்தது.

“யாருமே இல்லையே காக்கா!” என்றான் பாக்கர்.

இப்போது ஜீப்பில் ஏறினால், விடிந்ததும் ஊருக்குக் கிடைப்பது திருட்டு என்ற ஒரு சொல்தான்.

“ஜீப்பு வேணாம். நடந்து போவோம்” என்றேன். மரியசெல்வம் என்னைப் பார்த்தார். வண்டியை முன்னால் அனுப்பிவிட்டார்.

மூவரும் நடந்தோம். சாத்திய கதவுகளுக்குள் பாத்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. பாதித் தெரு கடந்துவிட்டது.

“ஏதாவது குரல் கொடேன்லே.”

“என் பேரை நானே எப்படிக் கத்துறது காக்கா?”

அவன் சொன்னதும் நியாயம்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“பாருங்கப்பா! என் தம்பி பாக்கரைப் பிடிச்சுட்டுப் போறாக! ஓட்டுக்கு முந்திப் பிடிச்சுட்டுப் போறாக!”

முதலில் ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு வரிசையாகக் கதவுகள். தொப்பியோடும், கையில் கடித்த வடையோடும் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். “மரைக்காயரா கத்துறது?” என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். தோணிக்காரர் நெய்னா முகம்மது படியிறங்கி எங்களோடு நடந்தபடியே கேட்டார்:

“என்ன கேசு மரைக்காயரே?”

அரசியல் கேசு என்று சொல்வதாகத்தான் வந்தேன். பாக்கர் தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பார்த்ததும் சொல் மாறிவிட்டது.

“உப்புக் கேசு! கூலி கிடைக்காத பொம்பளைகளுக்கு உப்பு மூட்டையை இறக்கிக் கொடுத்தான். எங்க வாப்பா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாக. பாக்கருக்கு...”

“ஜே!” என்றது பின்னால் ஒரு குரல்.

மரியசெல்வம் நடையைத் தளர்த்தினார், வருகிறவர்கள் வந்து சேரட்டும் என்று. ஸ்டேஷன் விளக்கு தெரிந்தபோது எங்கள் பின்னால் தெரு நிறைந்திருந்தது. நான் மறுபடியும் மறுபடியும் அவன் பெயரைச் சொன்னேன். பாக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டான், கண் கலங்கியிருந்தது.

“மெதுவா காக்கா. தொண்டை போயிரும்.”

“போகட்டும். நீ நிமிந்து நட.”