மூன்றாவதாகக் கேட்டது

மீன் தொட்டிக் கண்ணாடியில் மோதாமல் திரும்பியது. எதிர்க் கண்ணாடிக்கு நாலு வால்வீச்சு தூரம்தான். அங்கேயும் திரும்பியது. நான் மேலங்கியைக் கழற்றி மாட்டுவதற்குள் பதினோரு முறை எண்ணிவிட்டேன். நீல உடம்பு, வால் மட்டும் மஞ்சள். வாங்கியபோது என் கட்டைவிரல் அளவு. இப்போது உள்ளங்கையை மிஞ்சிவிட்டது. நெற்றித் தோல் ஊசியால் குத்தியதுபோலக் குழிகுழியாக இருந்தது.

ஒராஸ்பெக் மாமா என் அம்மாவின் தம்பி. கரகண்டாவில் முப்பது ஆண்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கடலைப் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற பின் நூற்றிருபது லிட்டர் தொட்டி ஒன்று வாங்கி, வாளி வாளியாக உப்பைக் கரைத்து ஊற்றினார். மீன்களை அவசரப்பட்டு வாங்கவில்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார்: இப்போது எவ்வளவு நீளம், வளர்ந்தால் எவ்வளவு, வளர்ந்த பிறகு எங்கே. ஆரஞ்சுக் கோமாளி மீன் இரண்டுக்கும் ‘இங்கேயே.’ மணலைச் சலித்துத் தின்னும் சிறிய மீனுக்கும் ‘இங்கேயே.’ நீல மீன் வளர்ந்தால் முழங்கை நீளம் வரும், இந்தத் தொட்டி தாங்காது என்று அவருக்குத் தெரியும். அதற்கு நேராக என் பெயர் இருந்தது. தானியார். அஸ்தானாவில் என் பல் மருத்துவமனையில் இரண்டு மீட்டர் தொட்டி இருக்கிறது.

தூக்கிக்கொண்டு போவது பெரிய காரியமில்லை. கேட்பதுதான்.

கசாக்குகளான எங்களில் சகோதரியின் பிள்ளை தாய்மாமனிடம் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் மறுக்கக் கூடாது. ஆறு வயதில் அவருடைய மோட்டார் சைக்கிளைக் கேட்டேன். பக்கவாட்டுப் பெட்டி வைத்தது. அப்பா அதை ஓட்டிக்கொண்டு வந்தார், நான் பெட்டியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாமா இரண்டு வருடம் சுரங்கத்துக்கு நடந்தே போனார். பத்தொன்பது வயதில் ராணுவத்துக்குப் புறப்பட்டபோது, ரயில் நகரும் நேரத்தில், அவர் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கேட்டேன். குளிர் மைனஸ் இருபத்தெட்டு. கழற்றி ஜன்னல் வழியாக எறிந்தார். நடைமேடையில் வெறுந்தலையோடு சிரித்துக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

அதன் பிறகு முப்பத்தோரு ஆண்டுகளாக நான் எதையும் கேட்கவில்லை. அம்மா போய்விட்டாள். வருடத்துக்கு இரண்டு முறை இந்த வீட்டுக்கு வருகிறேன். மிச்சமிருக்கும் ஒன்றுக்காகத்தான் வருகிறான் என்று மாமா எல்லோரிடமும் கேலி செய்வார். அந்த ஒன்று அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் விட்டுவைத்திருந்தேன்.

பால் ஊற்றிய தேநீரை என் பக்கம் தள்ளினார்.

“கேளேன்டா.”

“நீங்களே குடுத்துடுங்க மாமா. எடுத்துட்டுப் போயிடறேன்.”

“நான் குடுத்தா அது சும்மா ஒரு மீனு. எழுபத்தெட்டு ஆச்சு எனக்கு. மேல போனா உங்கம்மா வாசல்லயே நிப்பா. எம்புள்ளைக்கு ஒண்ணு குறையுதேன்னு கேப்பா. அவ வாய் உனக்குத் தெரியாதா?”

“அப்ப அந்த டீவியக் கேக்கறேன்.”

“அது ஓடாது. உங்கப்பன் புத்தி உனக்கு. ஓடாததாப் பாத்துக் கேப்ப.”

இருவரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார்.

“நீ ஏன் கேக்க மாட்டேங்கறேன்னு எனக்குத் தெரியும் மருமகனே. ஆனா அது அங்க சுத்திக்கிட்டே இருக்கு.”

நான் பார்த்தேன். திரும்பியது. திரும்பியது.

“மாமா, அந்த மீன எனக்குக் குடுங்க.”

மறுபடி சொன்னேன்.

“கேட்டுச்சு,” என்றார்.

வலது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினார். பிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. வால் அடியிலிருக்கும் முள் அவர் விரலைக் கிழித்தது. என்னை வலையைத் தொட விடவில்லை. கடைசியில் மீனை மூலையில் ஒதுக்கி, மூடியுள்ள வாளியில் தொட்டித் தண்ணீரோடு இறக்கினார். வாளியைச் சுற்றி நான் கம்பளி கட்டினேன்.

காரில் முன் இருக்கையில் வாளியை வைத்துப் பட்டையை இழுத்து மாட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

“இனி உனக்கு இங்க ஒண்ணும் பாக்கி இல்ல,” என்றார்.

“டீ குடிக்க வருவேன்.”

“டீ எங்கயும் கிடைக்கும்.”

கதவைச் சாத்தினார். ஹீட்டரை முழுதாக வைத்து, தண்ணீர் தளும்பாமல் காரை மெதுவாக நகர்த்தினேன். வாசலைத் தாண்டியதும் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பனியில் அங்கேயே நின்றிருந்தார். சுருட்டிய சட்டைக்கையை இன்னும் இறக்கிவிடவில்லை. தண்ணீர் காய்ந்த கையில் உப்பு முழங்கை வரை வெள்ளையாகப் பூத்திருந்தது.