நல்ல தண்ணி குடிச்ச காரு

பதுருன்னிசாவின் செவர்லே காரைப் பற்றிப் பேசாத வாய் ராயபுரத்தில் கிடையாது. அமெரிக்காவில் செய்த வண்டி, கப்பல் மாதிரி நீளம். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் கல்யாண மாப்பிள்ளை ராஜாவாட்டம் ஊர்வலம் போகலாம். புருஷன் அப்துல் வஹாப் மௌத்தான பிறகு அவளேதான் ஓட்டினாள். ஆனால் தெரு பேசினது அதை இல்லை, தண்ணியை.

கடல் காத்து இரும்பைச் சும்மா விடுமா? அடித்தட்டு வரைக்கும் கழுவிக்கொண்டே இருக்கணும். போர் பைப்பில் வருவதோ உப்புத் தண்ணி. ஆக, லாரியில் வரும் நல்ல தண்ணிதான் காருக்கு. அவள் உப்புத் தண்ணியில் குளித்தாள்.

"மன்சன் குடிக்கவே தண்ணிய காணோம், இவ காரைக் குளிப்பாட்டிகினு கீறா!" என்று எதிர்வீட்டு வரலட்சுமி குடமும் கையுமாகக் கத்தாத நாள் இல்லை. கடைசியில் ரெண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோனது.

இப்போது பதுருன்னிசா வள்ளூரில் மகள் உமைமா வீட்டோடு போய்விடப் போகிறாள். அங்கே கார் நிறுத்த இடமில்லை. விற்றே ஆகணும். ஆனால் ஓடுற வண்டியாகத்தான் போகணும், பிரித்துப் போட்டுப் பார்ட்ஸ் விற்கிறவன் கையில் போகக் கூடாது. அதில் மட்டும் ஒரே பிடிவாதம்.

புரோக்கர் லூர்து, பெரம்பூர் அசோகனைக் கூட்டி வந்தான். கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். வந்ததுதான் வந்தான் லூர்து, கட்டி இழுத்துப் போக ஒரு லாரியையும் கூடவே கொண்டு வந்திருந்தான், கடங்காரன்!

"கடலாண்ட நின்ன வண்டிண்ணா. மேலதான் பளபளன்னு கீது, அடியில அரிச்சிருக்கும். பார்ட்ஸுக்கு வேணா எடுத்துக்க," என்று அவன் அசோகன் காதில் ஓதினது பதுருன்னிசா காதிலும் விழுந்தது.

"டேய் லூர்து! அடியில பூந்து விரலால தடவி நாக்குல வெச்சிப் பாருடா. உப்பு கரிச்சா காரைச் சும்மாவே இட்டுகினு போ!"

தெருவே கூடிவிட்டது. "இன்னாக்கா பேஜாரு பண்ற," என்று லூர்து நழுவினான். அசோகன் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து உள்ளே போனார்.

பதுருன்னிசா குனிந்து காருக்கடியில் எட்டிப் பார்த்தாள். வாய்தான் சவால் விட்டதே, நேற்று அடித்த காத்தில் துளி உப்பு ஒட்டியிருந்தால்? அல்லாவே, காப்பாத்து!

அசோகன் கன்னமெல்லாம் கரியோடு வெளியே வந்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். "மண்ணு கீது, கிரீஸு கீது, உப்பு மட்டும் இல்லம்மா. துரு பேருக்குக்கூட இல்ல. இதையா பிரிக்கிறது? ஞாயித்துக்கிழம மாப்ள ஊர்வலமே இதுலதான்! பெரம்பூர் வரைக்கும் நீங்களே ஓட்டிகினு வரணும்."

விசில் பறந்தது. லாரிக்காரன் லூர்துவைத் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். பதுருன்னிசா கூரையை மடக்கினாள், அசோகனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள், சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே உறுமலில் கிளம்பியது.

தெருமுனையில் வரலட்சுமி நிறைகுடத்தோடு வழியை மறித்து நின்றாள். சரிதான், கடைசி சண்டை என்று பதுருன்னிசா பிரேக்கை மிதித்தாள்.

சாமி ஊர்வலத்துக்கு ஊற்றுகிற மாதிரி, குடத்துத் தண்ணி முழுக்க முன்சக்கரங்களில் ஊற்றினாள் வரலட்சுமி.

"இன்னா பாக்கற? நல்ல தண்ணிதான். இத்தினி வருசமா எங்க தெருத் தண்ணியக் குடிச்ச வண்டி. ஒரு தபாவாச்சும் என்னை ஏத்தினியா, மே?"

பதுருன்னிசாவுக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது, வாயெல்லாம் சிரிப்பு. "ஏறித் தொலைமே!" என்றாள். காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டு நடுவில் மாப்பிள்ளையாட்டம் உட்கார்ந்தாள் வரலட்சுமி. பெரம்பூர் போய்ச் சேரும்வரை ஹாரன் ஓயவே இல்லை.