கட்டைவிரலுக்கு ஒரு சொலேயா

மழை விட்ட பிறகு ஜன்னலில் ஒரு வெளிச்சம் வரும். கழுவித் துடைத்த வெளிச்சம். அதில் வலது கையை நீட்டிப் பார்த்தாள் ஜாஸ்பின்.

நகம். கட்டைவிரலிலும் அடுத்த மூன்று விரல்களிலும் நகம். ஓர் அரிசி மணி அகலத்துக்கு, வெள்ளையாக.

பத்தொன்பது வருடங்களாக அந்த விரல்களில் நகம் இருந்ததில்லை. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் அவள் நர்ஸ். அங்கே நகம் என்றால் கிருமி. ஒட்ட வெட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஆனி மாதச் சாரலில் வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்தது. பத்து வாரம் விடுப்பு. கட்டுப் போட்ட கால் ஸ்டூலில். மடியில் கிதார். வெளியே வேளிமலையை மூடிக்கொண்டு மழை.

அந்த மழையில் நகம் வளர்ந்தது. யாரும் வெட்டச் சொல்லவில்லை.

கிதார் அவளுக்குச் சர்ச் பாடகர் குழுவில் பழக்கம். பாட்டுக்குப் பின்னால் நின்று தட்டிக்கொண்டே போகிற கிதார். ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் கைபேசியில் ஒரு காணொளி பார்த்தாள். வெள்ளையடித்த ஒரு தெரு. நாற்காலியில் ஒரு பெண். ஃபிளமெங்கோ என்று போட்டிருந்தது.

அந்தப் பெண் கம்பிகளிடம் கோபித்தாள். கெஞ்சினாள். பிறகு பேச்சை முடித்துக்கொண்டவள் போல எழுந்து போய்விட்டாள். ஜாஸ்பினின் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து வாரம் ஒரு வகுப்பு, பெங்களூரிலிருந்து, கைபேசித் திரையில். தொடக்கநிலை முடிந்தது. இனி இடைநிலை. ஆசிரியை நான்கு உருப்படிகளின் பெயர்களை அனுப்பியிருந்தாள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒரு வருடம் அதோடு குடித்தனம் நடத்த வேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள்.

ஃபருகா. நாலு எண்ணிக்கையில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். அலெக்ரியாஸ். கடலோர ஊரின் பாட்டு, திருவிழாவுக்குப் புதுச்சட்டை போட்டுக் கிளம்பிவிடும். சொலேயா. தனிமை என்ற சொல்லில் பிறந்த பெயர் என்பார்கள். மெதுவானது. அதில் பெரும்பாலும் கட்டைவிரல்தான் பேசும்.

நான்காவது, கிரனாயினா.

அதன் நடுவில் ட்ரெமோலோ வரும். கட்டைவிரல் கீழே ஒரு சுரத்தை வைக்கும். மற்ற மூன்று விரல்களும் ஒரே கம்பியை மாறி மாறித் தொடும். ஒலி அறுந்துபோகாமல் நீளும். ஓட்டின் மேல் பெய்யும் மழை போல, எங்கே தொடங்கியது என்று தெரியாமல்.

அதற்கு நகம் வேண்டும். சதையால் தொட்டால் மழை பஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும்.

முன்பு ஒருமுறை இரண்டு நாள் லீவில் ஃபேன்சி ஸ்டோரில் ஒட்டு நகம் வாங்கிப் பார்த்தாள். இரண்டாம் நாளே ஒன்று பிய்த்துக்கொண்டு கிதாரின் வயிற்றுக்குள் விழுந்தது. கவிழ்த்துக் குலுக்கியும் வரவில்லை. மற்றதைப் பிய்க்கப் போய் விரல் நுனியெல்லாம் ரணம். மறுநாள் கையுறை போடும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது.

இப்போது இருப்பது அவள் நகம். அவள் உடம்பில் முளைத்தது. அந்த நகத்தால் கிரனாயினாவின் முதல் பக்கத்தை வாசித்தாள். மழை வந்தது. அவள் விரலிலிருந்தே வந்தது.

எட்டாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். அன்று மாலை நர்சிங் சூப்பிரண்ட் எமல்டா போனில் கூப்பிட்டாள்.

"காலு இன்னும் வீங்குதா மக்களே? நின்னு வேலை செய்ய முடியலன்னா சொல்லு. ரெக்கார்டு ரூம்ல ஆள் வேணும். உக்காந்த வேலை. சம்பளத்துல ஒண்ணும் குறையாது. லீவு முடியதுக்குள்ள சொன்னா போதும்."

கால் லேசாகத்தான் வீங்கியிருந்தது. அவள் காலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

கணவன் சகாயராஜ் ஐஸ் பிளான்ட்டில் மெக்கானிக். சாப்பிடும்போது சொன்னாள். அவன் சிரித்துவிட்டான்.

"நகம் வளக்கதுக்காட்டு வேலைய மாத்துவா ஒருத்தி? ஊருல கேட்டா என்ன சொல்லுவாவ?"

அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"இல்ல பிள்ளே, நா சும்மா சொன்னேன். நீ வாசிக்கியத நானும் கேக்கத்தான செய்யுதேன். அந்த மழ மாதிரி வருதுல்லா, அது வரும்போ நா ஸ்பேனர கீழ வச்சிருவேன். மாத்தணும்னா மாத்து. காலுன்னு சொல்லு. கேக்கவங்களுக்குக் காலு போதும்."

காலு போதும். அவளுக்கு அந்தச் சொல் இனித்தது. இனித்தது என்பதே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கடைசி வாரம், சனிக்கிழமை, ரெக்கார்டு ரூமைப் பார்க்கப் போனாள்.

நல்ல அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பலா மரம். இலைகளில் ஈரம். அலமாரி நிறைய ஃபைல்கள், பழைய காகித வாசனை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். விரல்கள் தாமாகவே மேசையில் ட்ரெமோலோ போட்டன. டிக் டிக் டிக் டிக். இங்கே இருக்கலாம். இங்கே வயதாகலாம்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் கேட்டது.

திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். பச்சைத் துணி போர்த்திய ஒரு பெண். படுத்தபடியே கூரையைப் பார்த்துப் போகிறவள். கூரையில் ஒன்றுமில்லை. அவள் கண்கள் ஒரு முகத்தைத் தேடின. தள்ளிக்கொண்டு போனவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நடந்த சின்ன நர்ஸ் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜாஸ்பின் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வலித்த கால் அவளுக்கு முன்னால் எழுந்திருந்தது.

சக்கரச் சத்தம் தியேட்டர் கதவுக்குள் போய் அடங்கியது. அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு எமல்டாவின் அறைக்குப் போனாள்.

"எனக்குத் தியேட்டரே போதும் எக்கா."

"நிக்க முடியுமாட்டீ?"

"முடியும்."

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, கிரனாயினாவை முழுதாக ஒருமுறை வாசித்தாள். சரியாக வரவில்லை. ட்ரெமோலோவில் மோதிர விரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. நிறுத்தாமல் வாசித்தாள். கதவு நிலையில் சாய்ந்து சகாயராஜ் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்தது. நாளை தியேட்டர் என்று அவனுக்கும் தெரியும். உள்ளே போய் நகவெட்டியை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

கிளிக். கிளிக். கிளிக். கிளிக். பழைய செய்தித்தாளில் நான்கு சின்னப் பிறைகள். அவள் அழுதாள். கொஞ்சம்தான். அவன் செய்தித்தாளை மடித்துக் கொண்டுபோனான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசிரியைக்கு எழுதினாள்: சொலேயா.

பிறகு கட்டைவிரலைக் கம்பியில் வைத்தாள். நகமில்லாத, தடித்த, பத்தொன்பது வருடம் சோப்பில் ஊறிய விரல். ஒலி கீழிருந்து வந்தது. மழைக்கு முன் வரும் இடி மாதிரி, தூரத்திலிருந்து. பன்னிரண்டு எண்ணிக்கை. மூன்றில் ஓர் அழுத்தம். ஆறில், எட்டில், பத்தில், பன்னிரண்டில். ஓரிடத்திலும் அவசரம் இல்லை.

இது என்னோடு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும்.

திங்கட்கிழமை. தியேட்டரின் வெள்ளை விளக்கு. மேசையில் குலசேகரத்திலிருந்து வந்த ரப்பர் வெட்டும் தொழிலாளி, ஞானசிகாமணி. ஹெர்னியா. ஐம்பது வயது. பால் கறை படிந்த கை மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. மயக்கம் வரும்வரை பக்கத்தில் நிற்பது அன்று அவள் வேலை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்.

"சிஸ்டர், என் கையில என்னமோ தட்டுதியளே?"

அப்போதுதான் பார்த்தாள். அவள் கட்டைவிரல் அவர் மணிக்கட்டில் எண்ணிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு வர எண்ணுதேன். நீங்களும் கூட எண்ணுங்க. மெள்ள எண்ணணும், கேட்டியளா?"

முகத்தில் மாஸ்க்கை வைத்தார்கள். அவர் எண்ணத் தொடங்கினார். ஒண்ணு. ரெண்டு. மூணில் அவள் விரல் அழுந்தியது. நாலு. அஞ்சு. ஆறு என்றபோது கை தளர்ந்திருந்தது. ஏழு உதட்டில் மட்டும் இருந்தது.

அவர் தூங்கிவிட்டார். அவள் விரல் நிறுத்தவில்லை. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பிறகு அவர் கையை மெதுவாகத் துணிக்குள் வைத்தாள்.