போகிறவளுக்கு நூற்றுக்கு எவ்வளவு

1

அடுத்து வரும் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் தங்கை எழுதிய கணினி நிரல் போட்டது. நான் இடையில் நின்று கைமாற்றிவிடுகிறவன். [கோழி முட்டை போடும் அர்த்தத்தில்தான் "போட்டது".]

ஒன்று நடந்தபின் என்னென்ன நடக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று நிரலிடம் பட்டியல் உண்டு. அதை வைத்துச் சீட்டு எடுத்து அடுத்ததை நடத்தும். சீட்டு என்பதால் கதைக்குக் கதை மாறும். பட்டியல் இருப்பதால் உளறாது.

2

ஒருத்தி பெட்டியோடு வீட்டை விட்டு இறங்கினாள். வானம் அன்று—

(வேண்டாம். வானத்தை ஏற்கெனவே எல்லாரும் விற்றுத் தீர்த்தாயிற்று.)

ஒருத்தி பெட்டியோடு இறங்கினாள். தெருமுனை வரை போனாள். திரும்பி வந்தாள்.

நூறு கதை எடுத்தோம். மழை என்று திரும்பினாள், குழந்தை அழுதது என்று திரும்பினாள், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பினாள். மொத்தம் தொண்ணூற்றெட்டில்.

"உன் மெஷினுக்கு வேற வழியே தெரியாதா?"

"அது எங்கே கத்துக்கிச்சுன்னு நினைக்கிறே? நீ எழுதின நாப்பது கதையைத்தான் உள்ளே போட்டேன். நீ ஒருத்தியையாவது நிம்மதியா போகவிட்டியா, அண்ணா?"

3

கடைப் பேரத்திலேயே வளர்ந்த என் வாய் சும்மா இருக்குமா?

"போறவளுக்கு ரெண்டு ரொம்பக் கம்மி. இருபதாக்கு."

"ஆறு."

"பதினஞ்சு."

"பத்து. அதுக்கு மேல போனா நம்புற மாதிரி இருக்காது."

"யாருக்கு?"

சொந்தப் பொருளை இப்படிக் குறைத்துப் பேசுகிற ஆளை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

"மாப்பிள்ளை போகாதேங்கிறாரா?"

"அப்படிச் சொன்னா சண்டை போட்டிருப்பேனே. எப்ப திரும்புவேன்னுதான் கேட்டார்."

மணி நாலே கால்.

4

"அவள் கண்கள் கலங்க" என்று எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை, எரிச்சலில் இருந்தாள்.

முடிவு ஒன்று: போனாள். (என் பாவத்துக்கு அவள் தலையில் பரிகாரம்.)

முடிவு இரண்டு: இருந்துவிட்டாள். (நாற்பது கதைகளில் பழகிய கை, எழுதினால் பத்து நிமிஷ வேலை.)

"சொல்லேன், அண்ணா. பத்தா, பதினஞ்சா?"

வாழ்க்கையில் முதல்முறையாக விலை சொல்லாமல் எழுந்தேன்.

"நீயே போடு."

போட்டாள். திரை அவள் பக்கம் இருந்தது. எட்டிப் பார்க்கவில்லை.

போனாளா என்பது எனக்குத் தெரியும். சொன்னால் அதுவும் என் நாற்பத்தொன்றாவது கதையாகி நிரலுக்குள் போய்விடும். இதுவரை வாசித்த நீங்கள் அவளுக்கென்று மனசுக்குள் ஏதோ ஓர் எண் போட்டு வைத்திருப்பீர்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள், எவ்வளவு?