கூலி கொடுக்காத களம்

நாகராஜ் எனக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து இருநூறு ரூபாய். ரோட்டோரத் தோட்டத்தில் அவர் தானியம் காயப்போடும் களத்துக்குச் சிமெண்டு பூசிய கூலி. தை மாதம் முடித்த வேலை. ஆவணி வந்தும் காசு வரவில்லை. கேட்டால், "மல்லி விக்கட்டும் தவசி" என்பார். மல்லியும் விற்றது, மிளகாயும் விற்றது.

இப்போது அந்தக் களமே எங்களுக்கு வேண்டியிருந்தது. மதுரையில் உள்ள ஒரு தொண்டு அமைப்பிலிருந்து சுமதி என்கிற பெண் ஞாயிறுதோறும் வேனில் விளையாட்டுக்கான சக்கர நாற்காலிகளைக் கொண்டுவருவாள். நடக்க முடியாத பிள்ளைகள் அதில் உட்கார்ந்து கூடைப்பந்து பழகினார்கள். நாற்காலிகளையும் பிள்ளைகளையும் இறக்கி ஏற்றுவது என் வேலை. கூலி கிடையாது, நான் கேட்கவும் இல்லை. என் மகள் கனகலட்சுமி அவர்களில் ஒருத்தி. பிறந்ததிலிருந்தே கால் விளங்காது. பதினாறு வயதாகியும் தன் இஷ்டத்துக்கு வேகமாகப் போனதே இல்லை.

பள்ளிக்கூட மைதானமோ கரிசல். காய்ந்தால் வெடிப்பில் சக்கரம் சிக்கும், நனைந்தால் மண் அப்பும். பிள்ளைகள் அதில் கிடந்து முக்கினார்கள்.

"நல்ல தரை கிடைக்கலைன்னா நாற்காலிகளை வேற ஊருக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்கண்ணே. அடுத்த வாரம்தான் கடைசி," என்றாள் சுமதி.

நாகராஜிடம் போய்க் கேட்டேன். களம் சும்மாதான் கிடந்தது. நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது.

"லட்சுமி வந்து எறங்குற எடம்யா. நொண்டி மொடமெல்லாம் வந்து உருண்டா அடுத்த வெள்ளாம ஆகுமா?"

நாய் படுக்கலாம், என் மகள் உருளக் கூடாது. வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேனை நேராகக் களத்துக்கே விடச் சொன்னேன். பிள்ளைகளைத் தூக்கி உட்காரவைத்தேன். கனகு ஒரு தள்ளுத் தள்ளினாள். முட்டி போட்டு நான் தேய்த்த தரையில் நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. மறுகோடிவரை போய் வளைந்து திரும்பியவள், "அப்பா, தள்ளி நில்லுங்க, மோதிருவேன்" என்று கத்தினாள்.

நாகராஜ் பைக்கில் வந்து இறங்கினார். எதிர் டீக்கடையில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

"யாரைக் கேட்டுய்யா எறக்குன?"

"கூலி குடுக்காத களம் மொதலாளி. இன்னும் பாதி என்னுதுதான்."

அவர் நாற்காலியைப் பார்த்தார். "சக்கரமே கோணையா இருக்கு. ஓசியில வாங்குனா இப்பிடித்தான்."

"கோணையா இருந்தாத்தான் கவுழாது மொதலாளி," என்றாள் கனகு. "உக்காந்து பாக்கீகளா?"

டீக்கடைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணினார். இத்தனை மாதமாக இல்லாத காசு ஒரு நிமிடத்தில் வெளியே வந்தது.

"இந்தா ஒன் கூலி. வாங்கிட்டு இதுகளக் கெளப்பு."

வீட்டில் அரிசி கடனுக்கு வாங்கித்தான் பொங்குகிறோம். என் கை தானாக நீண்டது.

"வாங்காதீகப்பா," என்றாள் கனகு. "வாங்குனா களம் முழுசும் அவுகளுது."

கையை மடக்கிக்கொண்டேன். "காச நீங்களே வச்சுக்கோங்க மொதலாளி. தானியம் காயுற நாள் போக, ஞாயித்துக்கெழம களம் பிள்ளைகளுக்கு. இந்த நாலு பேரு முன்னால சொல்லுங்க."

அவர் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார். "பொறவு கூலின்னு வந்து நிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

நோட்டுகள் வந்ததைவிட வேகமாகப் பைக்குள் போயின. "சரி, ஆடுங்க. பந்த மோட்டார் ரூம்பு பக்கம் அடிக்காதீக." வெள்ளாமை ஆகுமா ஆகாதா என்ற பேச்சையே காணோம். லட்சுமிக்கு அவர் போட்ட விலை ஏழாயிரத்து இருநூறுதான்.

பைக்கை உதைத்தவரை நிறுத்தினேன். "கடன் கழிஞ்சிருச்சு மொதலாளி. நொண்டி மொடம்னு சொன்னீகளே, அது கழியல."